வீட்டு ஒப்பந்தமும் ஜன்னல் தகராறும்

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்” என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். கல்யாணத்தில் நேர்ந்த குறை அன்றைக்கே பேசப்பட்டு மறக்கப்படும். வீட்டில் நேர்ந்த குறையோ குடிபுகுந்த பின்னர் முதல் கோடையிலும் முதல் மழையிலும்தான் வெளிப்படும். அதன்பின் அந்த வீடு உள்ளவரை உடன் இருக்கும். எனவே வீடு கட்டத் தொடங்கும் முன்னரே கட்டுபவருக்கும் கட்டுவிப்பவருக்கும் இடையே எல்லா விஷயங்களும் தெளிவாக எழுதப்பட வேண்டும் என்பதை யாவரும் ஒப்புவர். ஆயினும் கிராமங்களில் எழுதப்படும் ஒப்பந்தங்களைப் பார்த்தால், அஸ்திவாரத்தின் ஆழமும் கூரைக் கம்பியின் அளவும் ஓரளவு விவரமாக இருக்கும். ஜன்னலைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கும். அந்த ஒரு வரியிலிருந்து கிளம்பும் தகராறுகள் எத்தனை, அவற்றைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஒரு வரியும் நான்கு வழக்குகளும்

மேட்டுப்பாளையத்தை அடுத்த ஒரு கிராமத்தில் வாழையும் கறிவேப்பிலையும் பயிரிடும் குடியானவர் ஒருவர், பல ஆண்டு மிச்சம் பிடித்த பணத்தில் மூன்று அறையும் சமையற்கட்டும் உள்ள வீடு ஒன்றைக் கட்ட முற்பட்டார். அருகிலுள்ள ஊரைச் சேர்ந்த, தமக்கு மச்சான் முறையாகும் ஒப்பந்தக்காரரிடம் வேலையை ஒப்படைத்தார். ஒப்பந்தத்தில் ஜன்னலைப் பற்றி எழுதப்பட்டிருந்தது இவ்வளவே: “ஜன்னல் 6, நான்கடிக்கு நான்கடி, முதல் தர மரத்தில், கம்பியுடன்.”

வீடு முடிந்தது. ஜன்னல்கள் சிறியனவாக இருப்பதாகக் குடியானவர் கூறினார். அளவு சரியாகவே உள்ளது என்றார் ஒப்பந்தக்காரர். மரம் தேக்கு அல்ல என்றார் ஒருவர். தேக்கு என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார் மற்றவர். கம்பி மெல்லியது என்பது மூன்றாவது வழக்கு. கண்ணாடி இல்லாமல் மூடிய பலகைக் கதவு வைத்தது நான்காவது. இறுதித் தவணைப் பணம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஒப்பந்தக்காரர் தம்மிடம் வேலை செய்த தச்சருக்கும் கொத்தனாருக்கும் கூலி கொடுக்க இயலாமல் தவித்தார். இரு குடும்பங்களும் ஊர் நோம்பியிலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத நிலை ஏற்பட்டது. வார்டு அங்கத்தினர் இருவரையும் அழைத்துக்கொண்டு நமது அலுவலகத்துக்கு வந்தார். அப்போது அந்தக் குடியானவர், “வாயால சொன்னதெல்லாம் வாய்க்காத் தண்ணியாப் போச்சுங்க, எழுதி வெச்சிருந்தா கெணத்துத் தண்ணியா நின்னிருக்குமுங்க” என்றார். அதைவிடச் சுருக்கமாக இந்த விஷயத்தைச் சொல்ல நம்மால் இயலாது.

இருவருள் எவரும் பொய் பேசவில்லை என்பதே இதில் கவனிக்கத்தக்கது. ஒரே வரியை இருவரும் வெவ்வேறாகப் பொருள்கொண்டனர். அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

உள்கூடா, வெளிக்கூடா?

மனையடி பார்க்கும் வழக்கமுள்ள நம் நாட்டில், அறையின் அளவு உள்கூடா வெளிக்கூடா என்று கேட்காதவர் இல்லை. அதே கேள்வியை ஜன்னலுக்குக் கேட்க மட்டும் மறந்துவிடுகிறோம். நான்கடிக்கு நான்கடி என்பது நிலையின் வெளி விளிம்பிலிருந்து அளந்ததா, உள்ளே திறந்திருக்கும் இடைவெளியை அளந்ததா, அல்லது சுவரில் விடப்பட்ட துவாரத்தை அளந்ததா? மூன்றும் மூன்று அளவுகள்.

கணக்கிட்டுப் பார்ப்போம். வெளிக்கூடு 4 அடிக்கு 4 அடி எனில் பரப்பு 16 சதுர அடி. நிலைச் சட்டத்தின் முகம் 3 அங்குலம் என்று கொண்டால், நான்கு பக்கமும் சட்டத்தைக் கழித்த பின் உள்கூடு மூன்றரை அடிக்கு மூன்றரை அடி; அதாவது 12¼ சதுர அடி. நடுவில் 3 அங்குலத்தில் ஒரு நிற்கும் சட்டம் வைத்தால் மிஞ்சுவது 11⅜ சதுர அடி. ஆக, ஒரு ஜன்னலில் 4⅝ சதுர அடி குறைகிறது. ஆறு ஜன்னலுக்கு 27¾ சதுர அடி. அதாவது ஆறு ஜன்னல் கேட்ட குடியானவர், தாம் எண்ணிய திறப்பில் கால் பங்குக்கு மேல் இழந்தார். ஒப்பந்தக்காரரோ தச்சுத் தொழிலில் நிலையை வெளி அளவால் குறிப்பிடும் வழக்கப்படியே செய்தார். “நிலையின் வெளிக்கூடு” அல்லது “சட்டம் நீங்கிய உள்கூடு” என்ற இரண்டு சொற்கள் எழுதப்பட்டிருந்தால் இந்த வழக்கு எழுந்திராது.

சட்டத்தின் கனத்துக்கும் இது பொருந்தும். 5 அங்குலத்துக்கு 3 அங்குலச் சட்டத்தின் குறுக்குவெட்டு 15 சதுர அங்குலம். 4 அங்குலத்துக்கு 2½ அங்குலச் சட்டத்தில் அது 10 சதுர அங்குலமே. நான்கு பக்கமும் நடுச் சட்டமும் சேர்ந்து ஒரு ஜன்னலுக்கு 20 அடி நீள மரம் வேண்டும் என்று கொண்டால், முதல் வகைக்கு ஏறத்தாழ 2.08 கன அடியும் இரண்டாம் வகைக்கு 1.39 கன அடியும் ஆகும். ஆறு ஜன்னல்களில் இந்த வேறுபாடு 4 கன அடிக்கு மேல். மரத்தின் விலையை அறிந்தவர்க்கு இதன் பொருள் விளங்கும். இன்னுமொன்று: வாளால் அறுத்த அளவு வேறு, இழைப்புளி போட்ட பின் நிற்கும் அளவு வேறு. ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது இழைத்து முடிந்த அளவே.

முதல் தர மரம் எது?

மேட்டுப்பாளையம் மண்டிக்கு உருளைக்கிழங்கு கொண்டு செல்லும் எவரும், “முதல் தரம், ஆறு மூட்டை” என்று மட்டும் சொல்லிப் பணம் வாங்கி வருவதில்லை. தரம் பிரித்து, எடை போட்டு, சீட்டு வாங்கிய பின்னரே திரும்புவர். ஆனால் அதைவிடப் பன்மடங்கு விலையுள்ள மரத்துக்கு “முதல் தரம்” என்ற சொல்லோடு நின்றுவிடுகிறோம். தேக்கிலும் முதல் தரம் உண்டு, வேம்பிலும் உண்டு. மரத்தின் பெயரை எழுதாத ஒப்பந்தத்தில் “முதல் தரம்” என்ற சொல்லுக்குப் பயன் இல்லை.

மரத்தின் பெயரை எழுதினாலும் போதாது. எந்த மரமாயினும் அதன் நடுவிலுள்ள வைரம் வேறு, பட்டையை ஒட்டிய வெள்ளை வேறு. தேக்கின் வைரத்தைக் கறையான் எளிதில் அணுகாது. ஆனால் அதே தேக்கின் வெள்ளையைக் கறையானும் வண்டும் தின்றுவிடும். “வெள்ளை இல்லாத வைர மரம்” என்று எழுதுவது இதனாலேயே. பச்சை மரத்தில் செய்த கதவு, காயும்போது குறுக்குவாட்டில் சுருங்கும். பிறகு வெயில் காலத்தில் இடுக்கு விழும், மழைக் காலத்தில் உப்பி மூட முடியாமற் போகும். எனவே “நன்கு பக்குவப்படுத்தி உலர்த்திய மரம்” என்ற ஷரத்தும் வேண்டும். வெடிப்பு, பெரிய கணு, முறுக்கு இல்லாதிருக்க வேண்டும் என்பதையும் சேர்க்கலாம்.

எல்லோரும் தேக்கே வாங்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நன்கு முற்றிய வேம்பின் வைரம் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நின்றிருக்கிறது. வேங்கை உறுதியானது, ஆனால் நனைந்தால் சாயம் விட்டுச் சுவரைக் கறைப்படுத்தும் என்பதால் வர்ணமோ எண்ணெயோ பூசாமல் பொருத்தலாகாது. தோட்டத்தில் விளையும் மலைவேம்பு ஒட்டுப்பலகைத் தொழிலுக்குப் பெரிதும் செல்லும் மரம். வேம்பு என்று பெயரில் இருப்பதால் அதையும் நாட்டு வேம்பையும் ஒன்றெனக் கருதிவிடக் கூடாது. வனக்கல்லூரியும் மரக் கிடங்குகளும் உள்ள மேட்டுப்பாளையத்தின் அருகில் வாழும் நாம், மரத்தை அறிந்தவர் ஒருவரை உடன் அழைத்துச் சென்று, அறுக்கும் முன்னரே மரத்தைப் பார்த்துவிடுவது சிரமமான காரியம் அல்ல.

இன்று மரத்துக்குப் பதிலாக எஃகு, அலுமினியம், யு.பி.வி.சி., முன்வார்ப்புக் கான்கிரீட் நிலை ஆகியவையும் கிராமங்களுக்கு வந்துவிட்டன. அவற்றுக்கும் இதே விதிதான். எஃகுக்குத் தகட்டின் கனம், அலுமினியத்துக்குக் குழாயின் சுவர்க் கனம், யு.பி.வி.சி.க்கு உள்ளே செலுத்தப்படும் இரும்பு வலுவூட்டல் ஆகியவை எழுதப்பட வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் மர நிலைகளுக்கு ஐ.எஸ். 4021, ஜன்னல் கதவுகளுக்கு ஐ.எஸ். 1003-இன் இரண்டாம் பகுதி, எஃகு ஜன்னல்களுக்கு ஐ.எஸ். 1038, அலுமினிய ஜன்னல்களுக்கு ஐ.எஸ். 1948, கான்கிரீட் நிலைகளுக்கு ஐ.எஸ். 6523 என்று தரங்களை வகுத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் தக்க எண் ஒன்றைக் குறிப்பிட்டாலே, தகராறு வரும்போது எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

கம்பியும் கண்ணாடியும்

“கம்பியுடன்” என்ற சொல்லில் ஒளிந்திருக்கும் வேறுபாட்டைப் பாருங்கள். 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பி மீட்டருக்கு 1.13 கிலோ எடையுள்ளது. 10 மில்லிமீட்டர் சதுரக் கம்பி மீட்டருக்கு 0.785 கிலோ. கண்ணுக்கு இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம்; 100 மீட்டர் கம்பியில் முன்னதற்கு 113 கிலோ, பின்னதற்கு 78½ கிலோ. இரும்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. 12 மில்லிமீட்டர் உருட்டுக் கம்பியோ மீட்டருக்கு 0.89 கிலோதான். ஆகவே சதுரமா உருட்டா, எத்தனை மில்லிமீட்டர், இரு கம்பிகளுக்கு இடைவெளி எவ்வளவு என்ற மூன்றையும் எழுத வேண்டும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இடைவெளி 4 அங்குலத்துக்கு மிகாமல் இருப்பது நல்லது. மலையடிவாரத்தில் யானை வரும் ஊர்களில் எந்தக் கம்பியும் யானையைத் தடுக்காது. அங்கே அரிசியும் உப்பும் எந்த ஜன்னலோரம் வைக்கப்படுகின்றன என்பதே முக்கியம்.

கண்ணாடி வேண்டுமெனில் கனத்தைக் குறிப்பிடுக. கண்ணாடி ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் சதுர மீட்டருக்கு 2½ கிலோ எடை உடையது. 4 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ; 3 மில்லிமீட்டர் எனில் 7½ கிலோ. நிறமற்றதா, பூப்போட்டதா என்பதும், கீல் எத்தனை, தாழ்ப்பாள் எத்தனை, காற்றில் அடித்துக்கொள்ளாதிருக்கக் கொக்கி உண்டா என்பதும் சில்லறை விஷயங்களாகத் தோன்றும். பணம் கொடுக்கும் நாளில் இச்சில்லறை விஷயங்களே பேச்சைத் தடிக்கச் செய்கின்றன.

எண்ணிக்கையா, பரப்பா?

இங்கிலாந்தில் 1696-ஆம் ஆண்டு ஜன்னல்களின் எண்ணிக்கையைப் பார்த்து வீட்டு வரி விதித்தனர். வரிக்கு அஞ்சிய மக்கள் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தனர். இருட்டிலும் புழுக்கத்திலும் ஏழைகள் நோயுற்றனர் என்று எதிர்ப்பு வலுத்து, 1851-இல் அவ்வரி நீக்கப்பட்டது. ஜன்னலை எண்ணிக்கையால் மட்டும் கணக்கிடுவது எவ்வளவு தவறு என்பதற்கு இது தக்க சான்று. “ஜன்னல் 6” என்று எழுதுவதைவிட, எந்த அறைக்கு எவ்வளவு திறப்பு என்று எழுதுவதே பொருத்தம்.

2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு இதற்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. வசிக்கும் அறையின் தரைப்பரப்பில், வறண்ட வெப்பப் பகுதிகளில் பத்தில் ஒரு பங்கும், ஈரமான வெப்பப் பகுதிகளில் ஆறில் ஒரு பங்கும், இடைப்பட்ட பகுதிகளில் எட்டில் ஒரு பங்கும் குறையாமல் ஜன்னல் பரப்பு இருக்க வேண்டும் என்பது அதன் விதி. கதவுகள் இதில் சேரா. 10 அடிக்கு 12 அடி அறை 120 சதுர அடி. அதற்குக் குறைந்தது 12 சதுர அடியும், எட்டில் ஒரு பங்கு எனில் 15 சதுர அடியும், ஆறில் ஒரு பங்கு எனில் 20 சதுர அடியும் வேண்டும். இவ்விதியில் நிலைச் சட்டத்தையும் சேர்த்தே பரப்பு கணக்கிடப்படுகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எனவே விதியை நிறைவு செய்யும் ஜன்னலும், வீட்டுக்காரர் மனத்தில் எண்ணிய ஜன்னலும் ஒன்றாக இராமற்போகலாம்.

அதே விதித்தொகுப்பில் மற்றொரு குறிப்பும் உண்டு: ஜன்னலின் ஒரு பகுதி திறக்காத நிலையில் பொருத்தப்பட்டிருந்தால், திறக்கும் பகுதியை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும். நகர்த்தும் அலுமினிய ஜன்னல்களை விரும்புவோர் இதைக் கவனிக்க. இரண்டு பலகமுள்ள நகர்த்தும் ஜன்னலில் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும். பார்வைக்கு அது பெரிய ஜன்னல். காற்றுக்கு அது பாதி ஜன்னல். விறகடுப்புப் புழங்கும் சமையற்கட்டில் இந்தப் பாதியும் முழுவதும் ஒன்றாகா. புகை வெளியேறாத சமையற்கட்டில் நின்று இருமுபவர் வீட்டுப் பெண்களே. ஜன்னல் எங்கே, எவ்வளவு என்று முடிவு செய்யும் பேச்சில் அவர்களையும் உட்கார வைத்துக் கேட்பது அவசியம்.

2024–25-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் ஒரு வீடு 360 சதுர அடி. அத்தகைய சிறு வீட்டில் ஒரு ஜன்னல் குறைந்தாலும் வீடு முழுவதும் இருண்டுவிடும். மத்திய அரசு 2016-இல் தொடங்கிய பிரதமரின் கிராமப்புற வீட்டுவசதித் திட்டத்தில் பயனாளியே வீட்டைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைக்கக் கூடாது என்பது விதி. கொத்தனாருக்கும் தச்சருக்கும் கூலி பேசிப் பொருளைத் தாமே வாங்கும் அத்தகையோருக்கும் இக்கட்டுரையில் கூறப்பட்ட அளவுகளும் தரங்களும் அப்படியே பயன்படும்.

மழையும் சுவரும்

ஜன்னல் நன்றாயிருந்தும் அதைப் பொருத்திய முறை தவறானால் வீடு ஒழுகும். அடிப்படி வெளிப்புறம் சரிந்திருக்க வேண்டும். வெயில் மழை தாங்கும் மேல்விதானம் ஜன்னலின் இரு பக்கமும் சற்று நீண்டு, அதன் அடி விளிம்பில் நீர் சொட்டும் காடி உடையதாக இருக்க வேண்டும். நிலையைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பிடிகள் பக்கத்துக்கு எத்தனை என்பது எழுதப்பட வேண்டும். நிலைக்கு மேலே செல்லும் லிண்டலின் கம்பி அளவும், இரு பக்கச் சுவரில் அது உட்காரும் நீளமும் விடுபடலாகாது.

கட்டுமானக் குறை பண நஷ்டத்தோடு நின்றுவிடும் என்று எண்ணலாகாது. 2019 டிசம்பர் 2-ஆம் நாள் அதிகாலை, கனமழையில், மேட்டுப்பாளையம் நடூரில் சுற்றுச்சுவர் ஒன்று இடிந்து வீடுகளின் மேல் விழுந்து 17 பேர் உறக்கத்திலேயே மாண்டனர். அந்தத் துயரத்தை இப்பகுதியில் எவரும் மறக்கவில்லை. கல்லும் கம்பியும் எந்த அளவில் வைக்கப்பட்டன என்று கேட்பது வீண் பிடிவாதம் அல்ல என்பதற்கு அது போதும்.

ஒப்பந்தத்தை எழுதும் முறை

பொதுப்பணிகளில் நெடுங்காலமாக ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் விவரக்குறிப்பு தனியே எழுதப்படும். முடிந்த வேலை அளவுப் புத்தகத்தில் ஏறும். அளந்ததற்கே பணம் கொடுக்கப்படும். இதே வழக்கத்தைச் சொந்த வீட்டுக்கும் மேற்கொள்ளலாம். ஜன்னலுக்கான ஷரத்து பின்வருமாறு அமையலாம்:

“கிழக்கு அறைக்கு ஜன்னல் 2. ஒவ்வொன்றும் சட்டம் நீங்கிய உள்கூடு அகலம் 4 அடி, உயரம் 4 அடி. நிலைச் சட்டம் இழைத்து முடிந்த அளவில் 5 அங்குலத்துக்கு 3 அங்குலம். வெள்ளையும் வெடிப்பும் இல்லாத, உலர்த்திய வேம்பின் வைரம். கதவு நான்கு, தேக்குச் சட்டம், 4 மில்லிமீட்டர் நிறமற்ற கண்ணாடி. நான்கும் முழுமையாகத் திறக்கத்தக்கவை. கம்பி 12 மில்லிமீட்டர் சதுரம், இடைவெளி 4 அங்குலம். கதவு ஒன்றுக்குக் கீல் 3, தாழ்ப்பாள் 2, கொக்கி 1. அடிப்படி தரையிலிருந்து 3 அடி உயரம். வர்ணம் ஒரு அடிப்பூச்சும் இரு மேற்பூச்சும். பொருத்தும் முன் வீட்டுக்காரர் பார்வையிட்டு ஒப்ப வேண்டும்.”

இவ்வாறு ஒவ்வோர் அறைக்கும் எழுதினால் ஒரு பக்கம் ஆகும். ஒரு பக்கம் எழுதச் சோம்பி ஓர் ஆண்டு பேசாதிருப்பதைவிட இது மேல். வரைபடம் ஒன்றில் ஜன்னல்களுக்கு எண் இட்டு, அதையும் ஒப்பந்தத்தோடு இணைத்து, இருவரும் சாட்சிகளும் ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமிட்டு, ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். “அந்த வீட்டில் உள்ளது போல” என்று பேசியிருந்தால், அந்த வீடு எது என்பதையும், அங்கே அளந்த அளவையும் எழுதுக.

வேலை நடக்கையில் மாறுதல்கள் வருவது இயல்பு. வேம்பு பேசியவர் தேக்கு கேட்பார். சமையற்கட்டில் இன்னொரு ஜன்னல் வேண்டும் என்பார். இதனால் கூடும் செலவைப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று விடுவதே பல ஒப்பந்தக்காரர்களின் நஷ்டத்துக்குக் காரணம். ஒவ்வொரு மாறுதலையும், அதற்கான தொகையையும், தாமதமாகும் நாட்களையும் அன்றைக்கே ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுக. ஒப்பந்தம் வீட்டுக்காரரை மட்டும் காப்பதற்கன்று. உழைத்தவருக்கு உரிய பணத்தைக் காப்பதற்கும் அதுவே கருவி.

பணம் கொடுக்கும் தவணைகளை வேலையின் நிலைகளோடு இணைக்க வேண்டும். நிலைகள் தச்சுப்பட்டறையில் இருக்கும்போதே அளந்து பார்ப்பது எளிது. சுவரில் பதித்துப் பூச்சு வேலை முடிந்த பின் சட்டத்தின் கனத்தைக் காண முடியாது. ஆகவே “நிலை பொருத்தும் முன் பார்வை” என்பதையே ஒரு தவணையாக வைக்கலாம். மொத்தத் தொகையில் நூற்றுக்கு ஐந்து பங்கு போன்ற ஒரு சிறு பகுதியை, ஒரு மழைக்காலம் கழியும் வரை நிறுத்தி வைப்பதென முன்கூட்டியே எழுதிக்கொள்வதும் இரு தரப்பாருக்கும் நியாயமானது. முன்னே எழுதாமல் பின்னே நிறுத்துவதுதான் பூசலாகிறது.

தகராறு எழுந்தபின்

இவ்வளவும் செய்தும், அல்லது செய்யாமல் விட்டும், தகராறு வந்தால் என்ன செய்வது? முதலில் ஜன்னலைப் பெயர்த்து எறியாதீர்கள். பெயர்த்தபின் அத்தாட்சி இல்லை. அளவுநாடாவை வைத்துப் புகைப்படம் எடுத்து, பொறியாளர் ஒருவரிடம் எழுத்தில் அறிக்கை பெறுக. குறைகளை வரிசையாக எழுதி, இத்தனை நாட்களுக்குள் திருத்தித் தருமாறு ஒப்பந்தக்காரருக்கு அஞ்சலில் ஒப்புகைச் சீட்டுடன் அனுப்புக. பெரும்பாலான வழக்குகள் இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். ஆனால் அதை மெய்ப்பிப்பது கடினம். ஒப்பந்தத்தை மீறியதால் இயல்பாக விளைந்த நஷ்டத்துக்கு ஈடு பெறும் உரிமையை அச்சட்டத்தின் 73-ஆம் பிரிவு தருகிறது. பொருள் நிச்சயமற்றதாயும், நிச்சயப்படுத்த இயலாததாயும் உள்ள ஒப்பந்தம் செல்லாது என்பது 29-ஆம் பிரிவு. “முதல் தர மரம்” என்பது போன்ற சொற்களைக் கொண்டு நீதிமன்றம் செல்பவர் இப்பிரிவை நினைவில் கொள்வது நலம்.

குடியானவருக்கு எளிதான வழி நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவது ஒரு சேவை என்றும், அதில் தாமதமும் மட்டமான பொருளும் சேவைக் குறைபாடாகும் என்றும் லக்னோ வளர்ச்சி ஆணையம் – எம்.கே. குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993 நவம்பரில் தீர்ப்பளித்தது. கட்டுமான ஒப்பந்தக்காரரும் இதில் அடங்குவார். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் சேவை என்பதற்கான விளக்கத்தில் வீடு கட்டுமானம் சேர்க்கப்பட்டுள்ளது. கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குகள் மாவட்ட ஆணையத்துக்குச் செல்லும்; 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். எனவே நம் பகுதியினர் கோயம்புத்தூருக்குச் சென்றால் போதும். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு அளிக்க வேண்டும். குறையைத் திருத்தவும், பணத்தைத் திருப்பவும், நஷ்ட ஈடு தரவும் ஆணையம் உத்தரவிடலாம். ஐயங்களுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

மனைப்பிரிவில் நிறுவனம் கட்டி விற்கும் வீட்டை வாங்குவோருக்கு 2016-ஆம் ஆண்டின் கட்டட மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் வேறு பாதுகாப்பைத் தருகிறது. ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் காணப்படும் கட்டமைப்புக் குறையையும் வேலைத்திறக் குறையையும் விற்றவரே செலவின்றித் திருத்த வேண்டும் என்பது அதன் 14-ஆம் பிரிவு. சொந்த நிலத்தில் ஒப்பந்தக்காரரை வைத்துக் கட்டும் குடியானவருக்கு இச்சட்டம் பொருந்தாது; அவருக்கு அவர் எழுதிய ஒப்பந்தமே அரண்.

வழக்குக்கு முன் சமரசம் விரும்புவோர் வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். மக்கள் நீதிமன்றத்தில் ஏற்பட்ட தீர்வு, 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு ஒப்பானது; அதன்மேல் முறையீடு இல்லை.

முடிவு

முன்னே கூறிய குடியானவரின் வழக்கு ஆணையம்வரை செல்லவில்லை. ஒன்றியப் பணி மேற்பார்வையாளர் ஒரு நாள் காலை அங்கு சென்று எல்லா ஜன்னல்களையும் அளந்து எழுதினார். வெளிக்கூடு அளவில் தவறில்லை என்பதைக் குடியானவர் ஒப்புக்கொண்டார். இரண்டு நிலைகளில் வெள்ளை மரம் இருந்ததை ஒப்பந்தக்காரர் மறுக்கவில்லை. அவற்றை மாற்றித் தர இசைந்தார். ஒப்பந்தத்துக்கு முன் மாதிரியாகக் காட்டிய வீட்டில் 12 மில்லிமீட்டர் கம்பி இருந்தது தெரியவந்ததால், கம்பி வித்தியாசத்தை விலையில் கழித்தனர். சமையற்கட்டு ஜன்னல் பெரிதாக்கப்பட்டது. அதன் செலவைப் பாதியாகப் பகிர்ந்துகொண்டனர். கண்ணாடிக் கதவுக்கான பணத்தைக் குடியானவர் கொடுத்தார், ஏனெனில் அது ஒப்பந்தத்தில் இல்லை. எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையொப்பமிட்டனர். தச்சருக்கும் கொத்தனாருக்கும் கூலி போய்ச் சேர்ந்தது. இவ்வளவுக்கும் ஒரு காலைப்பொழுது போதுமானதாயிற்று. ஆனால் அதற்கு முன் ஏழு மாதங்கள் வீணாயின.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதில் ஒரு நற்பணி செய்யலாம். விவரமாக எழுதப்பட்ட மாதிரி ஒப்பந்தப் படிவம் ஒன்றைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் வைத்து, வீடு கட்ட வரைபட அனுமதி கேட்டு வருவோருக்குக் காட்டலாம். கிராம சபைக் கூட்டத்தில் கால் மணி நேரம் ஒதுக்கி, ஊர்த் தச்சரையும் கொத்தனாரையும் கொண்டே உள்கூடு, வெளிக்கூடு, வைரம், வெள்ளை ஆகியவற்றை விளக்கச் செய்யலாம். தொழில் அறிந்த அவர்களுக்கு அதனால் மதிப்பு உயரும். கட்டுவிப்போருக்குத் தெளிவு பிறக்கும்.

அடுத்த தை மாதத்தில் நம் கிராமங்களில் பலர் வீடு கட்டத் தொடங்குவர். பூமி பூஜைக்கு நாள் குறிக்கும் முன், ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, குடும்பத்தார் அனைவரும் ஒப்பந்தக்காரரோடு அமர்ந்து, அறை அறையாக ஜன்னலைப் பேசி எழுதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.